நாலு டயரிலும் காத்து கம்மி

1

போன செவ்வாய்க்கிழமையோடு நாங்கள் கனடாவில் வந்து இறங்கிப் பத்து வருடம் முடிந்தது. காலையில் பூங்கொடி கேசரி கிண்டினாள். சாயங்காலம் இரண்டு குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தோம். நடுவில் இருந்த பகலில் ஒரு பெரிய துண்டை நான் நெடுஞ்சாலை ஓரத்தில், மைனஸ் முப்பத்து மூன்று டிகிரியில், காரின் பின்சக்கரத்துக்கு முன்னால் மண்டியிட்டுக் கழித்தேன். அதைத்தான் எழுதப்போகிறேன். பத்து வருடத்தில் என்ன கற்றோம் என்று பெரிதாகச் சொல்ல என்னிடம் ஒன்றும் இல்லை.

என்னைத் தெரியாதவர்களுக்கு ஒரு வார்த்தை. திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் பதினான்கு வருடம் செக்கிங் சூப்பர்வைசராக இருந்தவன் நான். தைத்து வரும் பனியனை மேசைமேல் விரித்து, உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, ஊசி ஓட்டை விழுந்திருக்கிறதா, எண்ணெய்க் கறை இருக்கிறதா என்று பார்ப்பது வேலை. டெய்லர் வந்து "நல்லாத்தானுங்க இருக்குது" என்று தானாகச் சொன்னால் அந்த பீஸை இரண்டு தடவை பார்க்க வேண்டும். இதுதான் எங்கள் தொழிலின் முதல் பாடம்.

அந்தப் பாடம் உடம்போடு ஒட்டிக்கொண்டது. இங்கே கடையில் டீ ஷர்ட் வாங்கினாலும் உள்பக்கத்தைத் திருப்பிப் பார்த்த பிறகுதான் விலையைப் பார்ப்பேன். தினமும் கையாட்டுகிற பக்கத்து வீட்டுக்காரனுக்கு என்னிடம் என்ன காரியம் ஆகவேண்டும் என்று மூன்று வருடம் யோசித்தேன். "கோயில்ல துண்ணூறு குடுத்தாக்கூட மோந்து பார்த்துட்டுத்தான் பூசுவீங்க" என்பாள் பூங்கொடி. அவள் சொல்வதில் தப்பில்லை.

2

அன்று பகல் ஒரு மணிக்கு என் மகள் யாழினிக்கு டிரைவிங் டெஸ்ட்.

ஏழு வயதில் இங்கே வந்தவள். இப்போது பதினேழு. செப்டம்பரில் வேறு மாகாணத்தில் ஒரு கல்லூரிக்குப் போகப்போகிறாள். இடம் கிடைத்துவிட்டது. லைசென்ஸ் எடுத்து, கோடையில் வேலை பார்த்து, ஒரு பழைய கார் வாங்கி, அதை அவளே ஓட்டிக்கொண்டு போவதாகத் திட்டம். இரண்டு நாள் பயணம். தனியாக. "ரயிலு, பிளைட்டு எல்லாம் எதுக்கு இருக்குது?" என்று கேட்டேன். "அப்புறம் அங்க போயி எப்படிச் சுத்தறது?" என்றாள். சுத்துவது என்ற வார்த்தையை நான் வெகுநாள் மனதுக்குள் திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

எங்கள் நகரத்தில் டெஸ்டுக்குத் தேதி கிடைக்கவில்லை. நூற்றிருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு சின்ன ஊரில் கிடைத்தது. படிவம் நிரப்பி, அடையாள அட்டை இரண்டு காட்டி, என் கையெழுத்து பாஸ்போர்ட்டில் இருப்பதுபோல் இல்லை என்று ஒரு தடவை திருப்பி அனுப்பப்பட்டு, மறுபடி போட்டு வாங்கிய தேதி. கால் மணி நேரம் தாமதமானால் ரத்து. அடுத்த தேதி இரண்டு மாதம் கழித்துத்தான். இரண்டு மாதம் தள்ளினால் கோடை வேலை போகும், வேலை போனால் கார் போகும். இந்தக் கணக்கு அவளுக்கும் தெரியும். எனக்கும் தெரியும்.

முந்தின நாள் இரண்டு தடவை அந்த ஆபீசுக்கு ஃபோன் செய்து, இந்தக் குளிரில் டெஸ்ட் உண்டா என்று கேட்டேன். "இங்கே இது சாதாரணம்தான் சார்" என்றாள் அந்தப் பெண், இரண்டு தடவையும் ஒரே குரலில்.

3

பதினொன்றே முக்காலுக்கு வண்டி பின்பக்கம் இடது புறமாக இழுத்தது. அப்புறம் தடதடவென்று சத்தம். ஓரம் கட்டினேன்.

காருக்குள் ஒரு மஞ்சள் விளக்கு இருக்கிறது, டயரில் காற்று குறைந்தால் எரியும். காலையிலிருந்தே எரிந்துகொண்டிருந்தது. யாழினி மூன்று தடவை சொன்னாள். எனக்கு அந்த விளக்கின்மேல் எப்போதும் நம்பிக்கை இல்லை. குளிர் வந்தால் அது எரியும், சர்வீசுக்கு ஆளைக் கூட்டிவர கம்பெனிக்காரன் வைத்த தந்திரம் என்பது என் கட்சி. அதைத்தான் மூன்று தடவையும் அவளிடம் சொன்னேன்.

இறங்கிப் பார்த்தால் டயர் தரையோடு சப்பையாக உட்கார்ந்திருந்தது. ஊர்க்காரர்களுக்கு மைனஸ் முப்பத்து மூன்றை எப்படிச் சொல்வது? மூச்சை உள்ளே இழுத்தால் மூக்குமுடி உறைந்து ஒன்றோடொன்று ஒட்டும். கண்ணைச் சிமிட்டினால் இமை லேசாகப் பிடித்துக்கொண்டு விடும். இரண்டு பக்கமும் கோதுமை வயல், இப்போது வெறும் வெள்ளை, ஒரு மரம்கூட இல்லை. காற்று தடையில்லாமல் எங்கிருந்தோ வந்து முகத்தில் அறைந்தது. பரபரப்பில் கையுறையைக் கழற்றிவிட்டு ஸ்பானரைப் பிடித்தேன். விரல் இரும்போடு ஒட்டிக்கொண்டது. இழுத்தபோது தோல் கொஞ்சம் அங்கேயே நின்றுவிட்டது.

உதவிக்கு ஆள் அனுப்புகிற இடத்துக்கு ஃபோன் செய்தேன். உறுப்பினர் எண், அஞ்சல் குறியீடு, பிறந்த தேதி, வண்டியின் நிறம் எல்லாம் கேட்டார்கள். "ஸ்டெப்னி இருக்கிறது, மாற்ற ஆள்தான் வேண்டும்" என்றேன் இங்கிலீஷில். அந்தப் பெண் பதறிப்போய், "ஸ்டெஃபனி வண்டிக்குள் பத்திரமாக இருக்கிறாரா?" என்று கேட்டாள். ஊரில் மெக்கானிக் முதல் முதலாளி வரை சொல்கிற வார்த்தை, இங்கே ஒரு பெண்பிள்ளையின் பெயராகிவிட்டது. யாழினி ஃபோனைப் பிடுங்கி இரண்டு வரியில் முடித்தாள். மூன்று மணி நேரம் ஆகுமாம்.

"நம்மளே மாத்தலாம். வாங்க" என்று இறங்கிவிட்டாள்.

இங்கே காரோடு கொடுக்கிற ஸ்டெப்னி சைக்கிள் சக்கரம்போல ஒல்லியாக இருக்கும். அதை நம்பாமல் முழுச் சக்கரம் ஒன்றை வாங்கி டிக்கியில் போட்டு வைத்திருந்தேன். சந்தேகத்துக்கும் சில நாள் பலன் உண்டு. ஆனால் ஜாக்கி நிற்கவில்லை. பனிக்கட்டியின்மேல் வைத்து ஏற்ற ஏற்ற வழுக்கிக்கொண்டு போனது. இரண்டு தடவை வண்டி தூக்கி, இரண்டு தடவையும் தொப்பென்று இறங்கியது. மணி பன்னிரண்டு.

4

ஜாக்கி நிற்காத இன்னொரு பகலும் எனக்கு உண்டு. அது சித்திரை மாசம், தாராபுரம் ரோடு.

தூத்துக்குடிக்குப் போகவேண்டிய பெட்டிகளோடு கம்பெனி வேனில் போய்க்கொண்டிருந்தோம். நானும் டிரைவர் சுப்பிரமணி அண்ணனும். உச்சி வெயிலில் பின்டயர் வெடித்தது. இறங்கினால் தார் உருகிக் கிடந்தது. ஜாக்கியை வைத்தால் தாருக்குள் புதைந்தது. சுப்பிரமணி அண்ணன் தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு திட்டினார்: "காத்தை கெட்டியா அடிச்சுப் போட்டானுங்க. கோடையில காத்து கொஞ்சம் கம்மியாத்தான் இருக்கோணும். எவனுக்குத் தெரியுது? நீங்க கேட்டு வெச்சுக்கோங்க, காத்தடிக்கறவன நம்பவே கூடாது. அவன் அடிச்சதும் நம்ம கொஞ்சம் எறக்கி வுட்டுறோணும்."

கேட்டு வைத்துக்கொண்டேன்.

அப்போது மொபெட்டில் ஒருவர் வந்து நின்றார். சாயப்பட்டறை வேலைக்காரர் என்று கையைப் பார்த்தாலே தெரிந்தது, நகமெல்லாம் நீலம். பேச்சு தெக்கத்திப் பேச்சு. பக்கத்துத் தோட்டத்திலிருந்து ஒரு பலகைத் துண்டைத் தேடி எடுத்து வந்து ஜாக்கிக்கு அடியில் கொடுத்தார். நான் என்ன செய்தேன் என்றால், வேனின் பின்கதவில் சாய்ந்து நின்றுகொண்டு, எந்தக் கம்பெனி, எங்கே குடியிருக்கிறீர்கள், ஐடி கார்டு இருக்கிறதா என்று கேட்டேன். உள்ளே ஏற்றுமதிச் சரக்கு அல்லவா?

அவர் சக்கரத்தைக் கழற்றிக்கொண்டே நிமிராமல் சொன்னார்: "அண்ணாச்சி, டயரு மாத்ததுக்கு ஐடி கார்டு எதுக்கு?"

வேலை முடிந்து அவர் போனதும் பெட்டிகளை எண்ணினேன். எல்லாம் சரியாக இருந்தன. எண்ணியதற்காக அன்று எனக்கு வெட்கம் வரவில்லை. வெட்கம் இங்கே வந்து, ஒவ்வொரு கவுண்டரிலும் இரண்டு அடையாள அட்டை நீட்டிய பிறகு தவணை முறையில் வந்தது. இருந்தாலும் குணம் போகவில்லை.

5

ஒரு பிக்கப் வண்டி எங்களைத் தாண்டிப் போய், நின்று, பின்னோக்கி வந்தது. அதற்குமுன் எத்தனையோ வண்டிகள் நிற்காமல் போயின. இவன் மட்டும் ஏன் நிற்கிறான் என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது.

இறங்கியவருக்கு ஐம்பத்தைந்து வயதிருக்கும். ஆரஞ்சு நிற அங்கி, தாடி முழுவதும் பனி. "எங்கே போகிறீர்கள்?" என்று கேட்டார். நான் வேறு ஒரு ஊரின் பெயரைச் சொன்னேன். ஒரு மணிக்கு டெஸ்ட் என்றும், எந்த ஊர் என்றும் யாழினி சரியாகச் சொல்லிவிட்டாள். அவர் என்னைப் பார்த்துவிட்டு அவளைப் பார்த்தார்.

"கண்ணு, அந்த வண்டி நம்பரை போட்டோ எடு" என்றேன் தமிழில்.

"அப்பா, ப்ளீஸ்" என்றாள் பல்லைக் கடித்துக்கொண்டு.

நானே எடுத்தேன். அவர் பார்த்துவிட்டார். "நல்ல பழக்கம். என் பெண்ணுக்கும் அதைத்தான் சொல்லியிருக்கிறேன்" என்றார். இவ்வளவு நல்லவனாகப் பேசுகிறவன் எதற்காகப் பேசுகிறான் என்று நினைத்துக்கொண்டு ஸ்பானரை இறுக்கிப் பிடித்தேன். அவர் தன் வண்டியிலிருந்து ஒரு பலகையை எடுத்து ஜாக்கிக்கு அடியில் தள்ளினார். பிறகு ஸ்பானருக்காகக் கையை நீட்டினார். நான் கொடுக்கவில்லை. அந்த நடுரோட்டில் என்னிடம் இருந்த ஒரே ஆயுதம் அது. யாழினி வந்து என் கையிலிருந்து அதை வாங்கி அவரிடம் கொடுத்தாள்.

அதன் பிறகு வேலை ஓடியது. அவர் நட்டைத் தளர்த்த, யாழினி கழற்ற, நான் டிக்கியிலிருந்து துணி எடுத்துக் கொடுத்தேன். திருப்பூர்க்காரன் வண்டியில் கை துடைக்க பனியன் வேஸ்ட் இல்லாமல் இருக்குமா? இங்கே பழைய டீ ஷர்ட்டுகளைக் கிழித்து ஒரு மூட்டை வைத்திருக்கிறேன். அவர் சக்கரம் உட்காரும் இடத்தில் இருந்த பனியைத் துடைத்துவிட்டு, "நல்ல பருத்தி" என்றார். என் வாய் சும்மா இருக்கவில்லை. எங்கள் ஊர்த் துணி என்றேன்.

ஸ்டெப்னியை மாட்டியதும் அவர் பையிலிருந்து காற்று அளக்கும் மானியை எடுத்து அதில் வைத்துப் பார்த்தார். முகம் மாறியது. எழுந்து போய் மற்ற மூன்று டயர்களிலும் வைத்துப் பார்த்தார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திச் சொன்னார்:

"இருபத்திரண்டு. நாலும் இருபத்திரண்டு. முப்பத்தாறு இருக்க வேண்டும். குளிருக்குத் தானாகக் குறைந்தால் ஒன்றுக்கொன்று வித்தியாசம் இருக்கும். இது யாரோ உட்கார்ந்து இறக்கியது. டிக்கிக்குள் இருந்த சக்கரத்தையும் விடவில்லை என்றால், வண்டிச் சாவி வைத்திருக்கிற ஆள். உங்களுக்கு வேண்டாதவர்கள் யாராவது உண்டா?"

பத்து வருடத்தில் என் அளவுக்குச் சந்தேகப்படும் ஓர் ஆளை இந்த நாட்டில் அன்றுதான் கண்டேன். யாழினி என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். தொப்பிக்கும் மஃப்ளருக்கும் நடுவில் கண் மட்டும்தான் தெரிந்தது. அது போதுமானதாக இருந்தது.

அவர் தன் வண்டியிலிருந்த கம்ப்ரசரைப் போட்டு நாலு டயருக்கும் காற்றடித்துக் கொடுத்தார். அந்தப் பலகையை எடுத்துக்கொண்டு, ஜாக்கிரதை என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போனார். அவர் பெயரைக்கூட நான் கேட்கவில்லை, அவரும் என் பெயரைக் கேட்கவில்லை.

6

வண்டி கிளம்பியது. யாழினிக்குக் கோபம் வந்தால் இங்கிலீஷ் வரும். அன்று தமிழில் ஆரம்பித்தாள். அதுவும் அவள் அம்மாவின் தமிழில்.

"ஏனுங்ப்பா, ஞாயித்துக்கெழமை டயர்கிட்ட உக்காந்து சாவியில காத்தை எறக்கிட்டு இருந்தீங்க. நான் ஜன்னல்ல இருந்து பார்த்தேன்."

"அது ஊர்ப் பழக்கம் கண்ணு. சனிக்கிழமை அந்தக் கடைக்காரன் கெட்டியா அடிச்சுட்டான். கெட்டியா இருந்தா வெடிச்சுப்போடும்."

"எப்ப வெடிக்கும்?"

"வெயில் காலத்துல."

அவள் கண்ணாடிக்கு வெளியே கையைக் காட்டினாள். ரோடும் வயலும் வானமும் ஒரே வெள்ளையாக இருந்தன.

"லைட்டு எரியுதுன்னு மூணு தடவை சொன்னேன். கேக்கல. நேத்து அந்த ஆபீசுக்கு ரெண்டு தடவை ஃபோன் போட்டு, டெஸ்ட் கேன்சலான்னு கேட்டீங்க. அம்மா சொன்னாங்க. காத்து, லைட்டு, ஃபோனு. மூணும் சேர்ந்தா என்னங்ப்பா அர்த்தம்? நீங்கதான செக்கிங் சூப்பர்வைசர், நீங்களே சொல்லுங்க."

எங்கள் மேசையில் ஒரு விதி இருந்தது. ஒரு பீஸில் ஒரு டேமேஜ் என்றால் தவறு, சரி செய்யலாம். மூன்று இருந்தால் விளக்கமே கேட்கக் கூடாது, ரிஜெக்ட். சின்ன வயதில் அவளுக்கு இதைக் கதைபோலச் சொல்லியிருக்கிறேன். மறந்திருப்பாள் என்று நினைத்தேன்.

"சத்தியமா பழக்கந்தான் சாமி. சுப்பிரமணி அண்ணன் சொல்லிக் குடுத்தது" என்றேன். எனக்கே நம்பும்படியாக இல்லை. மைனஸ் முப்பத்து மூன்றில் ஒருவன் தாராபுரம் ரோட்டு வெயிலுக்குப் பயந்து காற்றை இறக்கினான் என்றால் எவன் நம்புவான்? ஆனால் அது உண்மை. பத்து வருடமாக ஒவ்வொரு தடவையும் கடைக்காரன் அடித்ததும் வீட்டுக்கு வந்து கொஞ்சம் இறக்கிவிடுவேன். குளிரில் காற்று தானாகவே சுண்டும் என்று எனக்குத் தெரியாதா? தெரியும். தெரிந்தும் கை அதன் வேலையைச் செய்யும்.

அவள் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அந்த ஊருக்குள் நுழைந்தபோது மணி ஒன்றைத் தாண்டிப் பத்து நிமிடம்.

7

பாஸ் ஆகிவிட்டாள்.

நான் அந்த ஆபீஸ் நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். உறைந்த விரல்களுக்கு உணர்ச்சி திரும்பும்போது குளிரைவிட வலிக்கும், தேள் கொட்டியதுபோல. அவற்றைத் தொடைக்கு நடுவில் வைத்து அழுத்திக்கொண்டு, எங்கள் கார் பனிக்குள் வளைந்து திரும்பி வருவதைக் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். பரிசோதகர் இறங்கும்போது சிரித்துக்கொண்டே இறங்கினார். பெயரைப் பார்த்து ஃபெயிலாக்குவார் என்று அதுவரை அவர்மேலும் ஒரு சந்தேகம் வைத்திருந்தேன்.

திரும்பும்போது அவள் ஓட்டினாள். பாதி வழியில் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "நிஜமாவே பழக்கந்தானா?"

"பழக்கந்தான் கண்ணு" என்றேன்.

அது பாதி உண்மை. மீதியை இங்கே எழுதுகிறேன். காற்றை இறக்கியபோது என் மனதில் ஒன்றும் இல்லை. ஆனால் தடதடவென்று சத்தம் கேட்டு வண்டியை ஓரம் கட்டியபோது, பயம் வருவதற்கு முன்னால், எரிச்சல் வருவதற்கு முன்னால், எனக்குள் ஒரு நிம்மதி வந்தது. இரண்டு மாதம் தள்ளிப்போகும் என்று. ஒரு மூச்சு விடும் நேரம்தான். இருந்தாலும் வந்தது. அவள் சுமத்திய குற்றத்தை நான் கையால் செய்யவில்லை, மனதால் செய்தேன். பிள்ளை போகிறாளே என்ற துக்கத்தை அப்படியே சொல்லத் தெரியாத அப்பன் செய்கிற காரியம் இது. இதை அவளிடம் சொல்ல எனக்குத் தைரியம் இல்லை. அவளுக்குத் தமிழ் பேச வரும், படிக்க வராது. அதனால் இதை எழுதுவதில் ஆபத்தில்லை.

சாயங்காலம் விருந்தாளிகள் வந்தார்கள், கேசரி சாப்பிட்டார்கள், வழியில் நின்று உதவிய வெள்ளைக்காரரின் நல்ல மனதைப் பற்றி யாழினி சொல்லக் கேட்டு வியந்தார்கள். டயர் எப்படி இறங்கியது என்று ஒருவர் கேட்டார். "குளிருக்கு" என்றாள் அவள். என் பக்கம் திரும்பவில்லை.

இன்று காலை அவள் முதல் தடவையாகத் தனியாகக் காரை எடுத்தாள். நான் மாடி ஜன்னலில் நின்றிருந்தேன். சாவியோடு அவள் கையில் வேறு ஏதோ மின்னியது. காற்று அளக்கும் மானி, புதிது. எப்போது வாங்கினாள் என்று தெரியவில்லை. ஒவ்வொரு டயராகக் குந்தி உட்கார்ந்து அளந்தாள். நாலாவதை முடித்துவிட்டு நிமிர்ந்து நேராக என் ஜன்னலைப் பார்த்தாள். நான் இரண்டு கைகளையும் தூக்கி விரித்துக் காட்டினேன், ஒன்றுமில்லை என்று.

அவள் சிரிக்கவில்லை. டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் அளந்தாள்.